எச்சரிக்கை: 14,500 ரூபாய் கொடுத்து அப்பாவின் மீட்டரைத் தொலைத்தேன்

முந்தாநாள் இரவு பதினோரு மணி. விருதுநகர் தாண்டி, சாத்தூர் வருவதற்கு முன், நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் என் மாருதி 800 செத்து நின்றது. முகப்பு விளக்கு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பக்கத்தில் மனைவி, பின் இருக்கையில் தூங்கும் மகள், எங்களை உரசுவது போலப் போகும் லாரிகள். இந்த வண்டியின் மீட்டருக்கும் விளக்குக்கும் மூன்று நாள் முன்புதான் 14,500 ரூபாய் கொடுத்திருந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

வண்டி அப்பாவுடையது. 1998 மாடல், கார்பரேட்டர் வண்டி, எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இரவில் மீட்டர் விளக்கு மங்கலாக எரியும். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். டயலும் வெயிலில் வெளிறிப்போயிருந்தது. இதைச் சரிசெய்ய நினைத்தது ஒரு குற்றமா?

மதுரையில் ஒரு கார் அலங்காரக் கடை. பெயரை எழுதவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். குறுங்காணொளிகள் போட்டு ஆள் பிடிக்கிற வகைக் கடை. பழைய வண்டியின் டேஷ்போர்டைக் காட்டுவார்கள், ஒரு விரல் சொடுக்கு, உடனே நீல வெளிச்சத்தில் வெள்ளை டயல் ஜொலிக்கும். நான் அதைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன்.

நேரில் போனேன். முதலாளிக்கு நாற்பது வயதிருக்கும். வண்டியைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவி, "எங்கள் அப்பாவும் இதே நிறத்தில்தான் சார் வைத்திருந்தார். விற்ற அன்றைக்கு அழுதார்" என்றார். என் தொண்டை அடைத்துக்கொண்டது. அதன் பிறகு அவர் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். உள்ளே அழைத்துப்போய்க் கடை விளக்கையெல்லாம் அணைத்தார். சுவரில் மாட்டியிருந்த ஆறு மீட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன, நீலம், பச்சை, வெள்ளை. தேநீர் வந்தது. மொத்தம் 15,000 ஆகும், முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் 500 குறைத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, ஒரு துண்டுத் தாளில் "மீட்டர் + லைட், 14,500" என்று எழுதிக் கொடுத்தார். கடை முத்திரை இல்லை, தேதி இல்லை. அந்த ஐந்நூறு ரூபாய்க்கு வாயைத் திறந்துகொண்டு நின்றவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் மாலை வண்டி கிடைத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டினேன். நீல வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது, பழகிவிடும் என்று இருந்துவிட்டேன். சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய சிவப்பு பேட்டரி விளக்கு எரியவில்லை என்பதை அந்த அலங்காரத்தில் நான் கவனிக்கவே இல்லை. பிறகு குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பினோம்.

சாலையோர டீக்கடைக்காரர் யாருக்கோ போன் செய்தார். முக்கால் மணி நேரத்தில் மொபெட்டின் முன்பக்கம் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஊரில் எலக்ட்ரீஷியன். தன் பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினார். ஓடுகிற வண்டியில் வோல்ட் மீட்டர் வைத்துப் பேட்டரியைப் பார்த்தால் பதினான்கு வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், பன்னிரண்டைத் தொடவில்லை. "டைனமோ சார்ஜே போடவில்லை தம்பி. டேஷ்போர்டில் யாராவது கை வைத்தார்களா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படிச் சொல்லுங்கள்" என்று சிரித்தார்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மீட்டரைக் கழற்றினார். இந்த வண்டியில் டைனமோவை முதலில் எழுப்பிவிடும் மின்சாரம் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கின் வழியாகத்தான் போகிறது. பழைய இழை பல்பு அதற்கு வழி விடும். அந்த இடத்திலும் எல்.ஈ.டி.யைச் சொருகியிருந்தார்கள், அதையும் தலைகீழாக. இழை பல்புக்குப் பக்கம் கிடையாது, எப்படி மாட்டினாலும் எரியும். எல்.ஈ.டி.யைத் திருப்பி மாட்டினால் மின்சாரமும் போகாது, விளக்கும் எரியாது. சார்ஜ் இல்லை என்று எச்சரிக்க வேண்டிய விளக்கே ஊமை! பெரியவர் தன் தகர டப்பாவிலிருந்து ஒரு சின்ன இழை பல்பை எடுத்து மாட்டினார். சிவப்பு எரிந்தது. கிளப்பியதும் அணைந்தது. பதினான்கு வோல்ட். இருபது ரூபாய் பல்பு.

மீட்டரைத் திரும்ப வைக்கும் முன் அவர் ஒரு நொடி நிறுத்தி, "இது உங்கள் வண்டி மீட்டர்தானா?" என்றார். பின்பக்கம் மஞ்சள் பெயிண்டில் 43 என்று கிறுக்கியிருந்தது. பழைய சாமான் கடைகளில் இப்படித்தான் எண் போடுவார்களாம். முள்ளின் அடியில் டயலில் இரண்டு பள்ளம், எதையோ வைத்து நெம்பி எடுத்த தடம்.

அப்பா பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வைப்பார். அவருக்குப் பிறகு நானும் எழுதுகிறேன். நோட்டு டேஷ்போர்டு அறையிலேயே இருக்கும். கடையில் விடுவதற்கு முந்தைய நாள் நான் எழுதியது 86,214. மீட்டரில் இருந்தது 61,970. மூன்று நாளாக அதன் எதிரில் உட்கார்ந்து ஓட்டியும் என் கண்ணில் படவில்லை. திரும்பி வரும்போது கைபேசி ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்தேன். முள் 60 காட்டும்போது வண்டி 72-இல் போகிறது.

நேற்றுக் காலை போன் செய்தேன். "வயரிங் பழசு சார், நாங்கள் என்ன செய்ய முடியும்?" மதியம், "வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்." மாலை, மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்று நேரில் போனேன். தேநீர் இல்லை. நோட்டைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்காமல், "குறைவாகத்தானே காட்டுகிறது? விற்கும்போது உங்களுக்குத்தானே லாபம்" என்றார். என் பழைய மீட்டர் எங்கே என்றேன். "உடைந்துவிட்டது, குப்பைக்குப் போயிற்று." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மீட்டரை மாற்றச் சொன்னது நீங்கள். ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிந்தால் யாருக்குச் சிக்கல்? இந்த வண்டியே அந்த விலைக்குப் போகாது, 14,500-க்கு இவ்வளவு பேச்சா?" பக்கத்தில் அடுத்த வாடிக்கையாளர் ஒருவர் நின்றார். அவர் முன்னால் என்னைப் பார்த்து, "சாருக்கு ஏதோ டென்ஷன்" என்று சிரித்தார். வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் அவருடைய படம் மறைந்துவிட்டது, என் செய்திக்கு ஒற்றை டிக்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. வண்டியை விடும் முன் மீட்டரைக் கிலோமீட்டரோடு படம் எடுங்கள். உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள், பின்பக்கத்தையும் படம் எடுங்கள். பேட்டரி விளக்கில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அப்பாவைப் பற்றிப் பேசினால் வெளியே வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. நாளை காலை முதல் வேலை அதுதான். கையில் இருப்பது அந்தத் துண்டுத் தாளும், நோட்டும், மஞ்சள் 43-இன் படமும். 14,500 ரூபாய் திரும்பி வராவிட்டாலும் போகட்டும், அந்தப் பழைய மீட்டர் எனக்கு வேண்டும். மதுரைப் பக்கம் யாராவது மாருதி 800-க்குப் பழைய மீட்டர் வாங்கினால், எண்ணைப் பாருங்கள். 86 ஆயிரத்துச் சில்லறையில் நின்றால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.