ட்ரிப்போட கடைசி நாளுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கா, பாசலா?

ஐரோப்பா ட்ரிப் முடியுற நேரத்துல உடம்பும் களைச்சிருக்கும், பர்ஸும் இளைச்சிருக்கும், அந்த நேரத்துல இன்னொரு பெரிய சிட்டில போய் கூட்டத்துல அல்லாடாம ஒரு பார்டர் ஊர்ல நிதானமா நடக்கலாம்னு நினைக்குறவங்களுக்கு ரைன் நதிக்கரையில ரெண்டு அருமையான ஊர் இருக்கு. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க், சுவிஸ்ல பாசல். நடுவுல ரயில்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ளதான், ஷெங்கன் விசா ரெண்டுக்கும் செல்லும்.

என் ஓட்டு ஸ்ட்ராஸ்பர்க்குக்குத்தான். கதீட்ரல் 142 மீட்டர் உசரம், 1647ல இருந்து 1874 வரைக்கும் உலகத்துலயே உசரமான கட்டடம் அதுதான், சாயங்கால வெயில் பட்டா அந்த ரோஸ் கலர் கல்லு அப்படியே பத்திக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா நான் அந்த ஊரைச் சொல்றதுக்கு அது மட்டும் காரணமில்ல. 1871ல ஜெர்மனி கைக்கு, 1918ல பிரான்ஸ் கைக்கு, 1940ல திரும்ப ஜெர்மனி, 1944ல திரும்ப பிரான்ஸ்னு ஒரே ஆயுசுல ஒருத்தர் வீட்டை விட்டு நகராமலே நாலு தடவை நாடு மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட எல்லையில இன்னிக்கு டி லைன் ட்ராம் ஆத்தைத் தாண்டி ஜெர்மனியில இருக்குற கேல் வரைக்கும் சாதாரணமா போய்ட்டு வருது, 2017ல இருந்து. சிகரெட் ஜெர்மனியில விலை கம்மிங்கிறதால கேல்ல புகையிலைக் கடைதான் முதல்ல கண்ணுல படும்.

ட்ராம்ல போய் நடந்து திரும்புங்க. 2004ல கட்டின நடைபாலம் ஒண்ணு இருக்கு, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பாதையா கிளம்பி நட்டாத்துல ஒரு மேடையில சேரும், அந்த மேடையில நின்னீங்கன்னா ரெண்டு கரையிலயும் ஒரே பூங்கா தெரியும், ரெண்டு நாட்டுக் குடும்பங்களும் தள்ளுவண்டியில குழந்தையை வச்சு உருட்டிட்டுப் போவாங்க. பாஸ்போர்ட்டை மட்டும் ரூம்ல வச்சுட்டு போயிடாதீங்க, 2024 செப்டம்பர்ல ஜெர்மனி எல்லா நில எல்லையிலயும் செக்கிங்கை கொண்டு வந்துச்சு.

பாசல் மூணு நாடு சேருற ஊர். எட்டாம் நம்பர் ட்ராம் ஜெர்மனிக்கு, மூணாம் நம்பர் பிரான்ஸுக்கு. ஹோட்டல்ல தங்குனா ஊருக்குள்ள பஸ், ட்ராம் ஃப்ரீயா போக கார்டு தருவாங்க, சுவிஸ் விலைவாசிக்கு அது பெரிய ஆறுதல். மூணு நாடு சேருற இடம்னு துறைமுகத்துல ஒரு தூண் நட்டிருக்காங்க, உண்மையான புள்ளி ஆத்துக்குள்ள இருக்கு, அதுக்காக மெனக்கெட்டு போக வேண்டாம்னுதான் சொல்வேன். அதுக்குப் பதிலா படகுல ஏறுங்க. மோட்டார் கிடையாது, ஆத்துக்குக் குறுக்க கட்டின கம்பியில படகைப் பிணைச்சிருப்பாங்க, படகுக்காரர் கொஞ்சம் திருப்பி விட்டா நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிட்டுப் போயிடும், தண்ணி சலசலப்பைத் தவிர வேற சத்தமே இருக்காது.

மறுநாள் ஃப்ளைட் பாசல்ல இருந்துன்னா யோசிக்காம பாசல்லயே தங்கிருங்க, ஏர்போர்ட் பிரான்ஸ் மண்ணுல இருந்தாலும் சுவிஸ் பக்கம் தனி வாசல் இருக்கு. இன்னொண்ணு, சுவிஸ் ஐரோப்பிய யூனியன்ல இல்ல, அதனால பிரான்ஸ்லயோ ஜெர்மனியிலயோ வாங்குன பொருளுக்கு டாக்ஸ் ரீஃபண்ட் கேக்கணும்னா பாசலுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே அந்தப் பக்க கஸ்டம்ஸ்ல அதை முடிச்சுக்கணும். யூனியன் நாட்டு சிம்மும் பல பிளான்ல சுவிஸ்ல தனி சார்ஜ் போடும், ட்ராம்ல ஏறும்போதே டேட்டாவை ஆஃப் பண்ணிடுங்க.