பன்றிக்காய்ச்சலும் கொரோனாவும்: எதில் எதைக் கவனிப்பது?

2009-இல் பரவிய பன்றிக்காய்ச்சலும் 2020-இல் வந்த கொரோனாவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தெரியும்: காய்ச்சல், இருமல், உடல்வலி. நாள்கணக்கில்தான் பெரிய வித்தியாசம்.

பன்றிக்காய்ச்சல் தொற்றிய 1 முதல் 4 நாளுக்குள் சட்டென்று தாக்கும். மோசமாவதும் சீக்கிரமே. அன்று கர்ப்பிணிகளையும் இளம் வயதினரையும்கூட அது விடவில்லை. வைரஸை எதிர்க்கும் ஓசல்டமிவிர் மாத்திரையை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

கொரோனாவுக்கு நான் அதிகம் பயந்தேன். முதல் வாரம் லேசாகப் போகும். நிம்மதியடைந்த பிறகு, இரண்டாம் வாரத்தில் ஒரு பகுதியினருக்கு நுரையீரல் பாதிக்கும். சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. வேலூரின் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ உடனே கிளம்ப வேண்டும். முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இன்னும் முன்கூட்டியே.

மருத்துவமனையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை, சர்க்கரை வேறு ஏறும். அதை மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிப் போடுவது தயவுசெய்து வேண்டாம்.