நான்கு பிஸ்டன் காலிபருடன் 38,000 கிலோமீட்டர்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 3 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து இறங்கியபோது, பாதி வழியில் கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் காலிபரை மாற்றியே தீருவது என்று அன்றிரவே முடிவெடுத்தேன். அதில் பாதிதான் சரியான முடிவு.

என் காரோடு வந்தது ஒற்றைப் பிஸ்டன் காலிபர். உள்பக்கப் பேடைப் பிஸ்டன் தள்ளும். காலிபர் தன் ஊசிகளின்மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு, இருபுறமும் இரண்டிரண்டு பிஸ்டன் உள்ள அலுமினியக் காலிபரையும் பெரிய டிஸ்க்கையும் போட்டேன். பிஸ்டன்களின் பரப்பு பழையதற்கு நெருக்கமாக இருக்கும்படி தேர்ந்தெடுத்ததால் பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பழைய 14 அங்குலச் சக்கரம் காலிபரில் இடித்தது. 16 அங்குலத்துக்கு மாறியதில் செலவு எகிறியது.

பொருத்திய அன்றே ஒரு கூத்து. ஆயிலில் சிக்கிய காற்றை எத்தனை முறை எடுத்தும் பெடல் பஞ்சாக அமுங்கியது. அரை நாள் போன பிறகு குனிந்து பார்த்தால், காற்று எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருக்கிறது! இடது காலிபரை வலத்திலும் வலத்தை இடத்திலும் பூட்டியிருந்தார் மெக்கானிக். காற்றோ மேலே தங்கும். கீழே திறந்தால் எப்படி வரும்? இடம் மாற்றிப் பூட்டியதும் பெடல் கல்லாக நின்றது.

எல்லோரும் கேட்பது, எத்தனை மீட்டர் முன்னதாக நிற்கிறது என்று. சமதளச் சாலையில் ஒரே ஒரு அவசர பிரேக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குப் பழைய காலிபரும் பிடித்தது. அதற்கு மேல் டயரின் பாடு. வித்தியாசம் மலையில்தான். போன ஆண்டு அதே கொல்லிமலையில் கடைசி வளைவு வரை பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் பயணத்தில் காரில் இருந்தது 4 ஆண்டுப் பழைய பிரேக் ஆயில். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பின் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் ஆழமாக இறங்கும். முதலில் ஆயிலையும் பேடையும் மாற்றி, இன்னொரு முறை மலை ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

பேட் இருபுறமும் சமமாகத் தேய்கிறது. பழையதில் ஊசி இறுகி உள்பேடுதான் எப்போதும் முதலில் தீரும். இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு பிஸ்டனில் தூசி புகாமல் காக்கும் ரப்பர் வெடித்தது. உள்ளூரில் கிடைக்கவில்லை, மூன்று வாரம் வண்டி வாசலிலேயே நின்றது. குளிர்ந்த காலைகளில் முதல் பிரேக்குக்குக் கீச்சென்று ஒரு சத்தம் வேறு. நான் கிளம்பிவிட்டேன் என்று எதிர்வீட்டுக்குத் தெரிவது அதனால்தான்.