மாண்டிசோரி, வால்டார்ஃப், ஷார்லட் மேசன், அன்ஸ்கூலிங்: ஒரு மதுரை வீட்டில் நாலையும் செய்து பார்த்ததில்

பெரியவளுக்கு நாலு வயது முடிந்த ஜூன் மாதம், பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். முதல் மூன்று மாதம் நாங்கள் நடத்தியது வீட்டுக்குள் ஒரு குட்டிப் பள்ளிக்கூடம். சுவரில் கால அட்டவணை. ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்கு ஆங்கிலம், பத்தரைக்கு எண்கள். செப்டம்பரில் அவள் கோடு போட்ட நோட்டைக் கண்டாலே வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கே அட்டவணையைக் கழற்றினோம்.

அப்புறம்தான் மற்ற வழிகளைத் தேடிப் படித்தேன். வீட்டுக்கல்வி பற்றிப் பேசும் பெற்றோர் வாயில் அடிக்கடி வரும் பெயர்கள் நாலு: மாண்டிசோரி, வால்டார்ஃப், ஷார்லட் மேசன், அன்ஸ்கூலிங். இப்போது அவளுக்கு ஏழு, தம்பிக்கு ஐந்து. மாமியாரும் கூட இருக்கும் எங்கள் வீட்டில் நாலையும் கையால் செய்து பார்த்தாயிற்று.

ஒப்பீடு என்றாலே எது குழந்தைக்கு நல்லது என்றுதான் தொடங்குவார்கள். நாலுமே குழந்தையை மதிக்கிற வழிகள்தான். எனக்கு உதவிய கேள்வி இது: குழந்தை கற்கும் நேரத்தில் பெரியவர் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? பள்ளியில் ஆசிரியர் மாலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். வீட்டிலோ காலையில் பால் காய்ச்சுவது முதல் இரவில் பாய் விரிப்பது வரை அதே அம்மாதான். அவளால் தினமும் செய்ய முடியாத முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மாதம் தாண்டாது.

மாண்டிசோரி: எடுத்துவைத்துவிட்டு விலகி நில்

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். நமக்கு அவர் தூரத்து மனுஷி இல்லை. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டுக்காரராகிவிட்டார். 1946 வரை ஊர் திரும்ப முடியவில்லை. அந்த வருடங்களில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் இருந்தார்.

இவர் முறையில் பெரியவரின் வேலை, இடத்தைத் தயார் செய்வது, ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுவது, பிறகு கையைக் கட்டிக்கொண்டு விலகி இருப்பது. மாண்டிசோரி என்றதும் பலருக்கு விலை உயர்ந்த மரச்சாமான்தான் ஞாபகம் வரும். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை போகும் பத்து கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரத்தை நானும் தச்சரிடம் சொல்லிச் செய்தேன். ஆனால் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் அவர் முதலிடம் தந்தது அன்றாட வேலைகளுக்கு: ஊற்றுவது, சலிப்பது, துடைப்பது, பொத்தான் போடுவது. அதற்கு நம் அடுப்படியே போதும். பாத்திரக்கடையில் ஒரு சின்னச் சொம்பும் இரண்டு டம்ளரும் வாங்கினேன். மொச்சை உரிப்பது, உளுந்தில் கல் பொறுக்குவது, சின்ன முறத்தில் புடைப்பது எல்லாம் தம்பிக்கு மூன்றரை வயதிலேயே வந்துவிட்டது. விளையாட்டுப் பாத்திரம் தரக்கூடாது, நிஜப் பாத்திரம் வேண்டும் என்பது முக்கியம். தண்ணீர் நிஜமாகவே சிந்த வேண்டும், துடைக்கிற துணி அவன் கைக்கு எட்டுகிற ஆணியில் தொங்க வேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால், சும்மா இருப்பதில்தான். ஒரு சொம்புத் தண்ணீரை அவன் ஊற்றி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அந்தப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பழக ஒரு வருடம் ஆனது. என் மாமியாருக்கு இன்னமும் முடியவில்லை. "ஏ ராசா, கொண்டா அப்பத்தா ஊத்துறேன்" என்று கை நீண்டுவிடும்.

வால்டார்ஃப்: நீ உன் வேலையைச் செய், பிள்ளை பார்க்கட்டும்

அதே மாமியார் வால்டார்ஃபில் பிறவி ஆசிரியர்! ருடால்ஃப் ஸ்டைனர் 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த பெயர் இது. ஏழு வயது வரை குழந்தை பார்த்துச் செய்தே கற்கிறது, ஆகவே பெரியவர் அதன் கண்முன் அர்த்தமுள்ள கைவேலை செய்ய வேண்டும் என்பது அடிப்படை. அத்தை வாசலில் உட்கார்ந்து பூக்கட்டினால் இரண்டு பேரும் வாழை நாரோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் கூப்பிடுவதும் இல்லை, சொல்லித் தருவதும் இல்லை.

நாளுக்கு ஒரு தாளம் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேதான் எடுத்துக்கொண்டேன். மணி பார்த்து நடக்கும் அட்டவணை இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை மட்டும். கோலம், இட்லி, மாடித் தோட்டம், கதை, மதியத் தூக்கம், சாயங்காலம் வெளியே. வாரத்தில் செவ்வாய் என்றால் வர்ணம். கெட்டித் தாளை நீரில் நனைத்து, பலகையில் ஒட்டி, தண்ணீர் வர்ணத்தை ஈரத்தின் மேலேயே வைக்கிறோம். மஞ்சளும் நீலமும் தானாக ஓடிக் கலக்கிற இடத்தில் பச்சை பிறப்பதைப் பெரியவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள். படம் என்ன என்று கேட்கக் கூடாது. நான் கேட்டுவிட்ட அன்று மட்டும் அவள் வீடும் சூரியனும் வரைந்தாள்.

இந்த முறையில் துணிப் பொம்மைக்குக் கண், வாயெல்லாம் பேருக்குத்தான் இருக்கும். சிரிப்பையும் அழுகையையும் குழந்தையே நினைத்துக்கொள்ளட்டும் என்று. அதைப் படித்ததும் பரணிலிருந்து மரப்பாச்சியை இறக்கினேன். அதன் முகத்திலும் அவ்வளவுதானே இருக்கிறது? ஆனால் அந்தந்தப் பருவத்துப் பொருள்களை அடுக்கிவைக்கும் வால்டார்ஃப் பருவ மேசையை, இணையத்தில் வருவதுபோல அப்படியே வைக்காதீர்கள். இலையுதிர் காலத்து மேப்பிள் இலைக்கும் மதுரைக்கும் சம்பந்தம் இல்லை. சித்திரையில் சரக்கொன்றை, ஆடியில் முளைப்பாரி, புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல் என்று நம்மிடமே வருடம் முழுக்க நிறைந்திருக்கிறது.

எழுத்தை எப்போது தொடங்குவது?

இங்கேதான் இவர்கள் நேருக்கு நேர் மோதுகிறார்கள். மாண்டிசோரி நாலு வயதுக்குள்ளேயே எழுத்தை விரலால் தடவ வைப்பார். ஸ்டைனர் பால்பல் விழும் ஏழு வயது வரை பொறு என்பார். அடுத்து வரப்போகும் மேசனுக்கு முறையான பாடம் ஆறு வயதில். பாடத்திட்டமே இல்லாத அன்ஸ்கூலிங்கில் குழந்தை கேட்கும்போது. நம் வழக்கத்தில் விஜயதசமியன்று மடியில் உட்காரவைத்து அரிசியில் எழுதவைத்துவிடுகிறோம்.

நான் மாண்டிசோரி பக்கம். என் பிள்ளைகள் இருவருமே நாலு வயதில் எழுத்தைக் கேட்டார்கள். கேட்கிற பிள்ளையை மூன்று வருடம் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினேன். இரண்டு விரலால் 'அ'வின் சுழியில் ஏறி இறங்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும். அதற்காகவே தம்பி திரும்பத் திரும்பத் தடவுவான்.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. தனித்தனி எழுத்தட்டைகளை எடுத்து, காதில் விழும் வரிசையில் அடுக்கிச் சொல் கட்டுவது மாண்டிசோரியின் அடுத்த படி. ஒலிப்பது போலவே எழுதும் இத்தாலிய மொழிக்கு அது கச்சிதம். தமிழில்? தம்பி 'தோசை' கட்ட உட்கார்ந்தான். முதலில் 'த' வைத்தான். பிறகு 'ஓ' என்று சொல்லிக்கொண்டே இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் அதற்கு வலப்பக்கம் வைத்தான். அடுத்து 'ச', அதற்கும் வலப்பக்கம் 'ஐ'யின் கொம்பு. அவன் காது சொன்னது சரி. பின்னால் கேட்கிற ஒலிக்கு நாம்தான் கொம்பை முன்னால் வைக்கிறோம். அவன் அட்டைகளைக் கலைத்துவிட்டு எழுந்து போனான்.

உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தாகவே கொடுப்பதுதான் தீர்வு என்று இப்போது நினைக்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் க, கா, கி, கீ என்று வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதியது அப்படித்தான். மணலில் எழுதும் அந்தப் பழக்கத்தை இங்கே பார்த்துத்தான், எழும்பூர் அனாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் 1790களில் தன் பள்ளியில் புகுத்தினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை கொண்டும் போனார். 216 உயிர்மெய்க்கும் அட்டை வெட்ட வேண்டாம். வீட்டில் புழங்கும் சொற்களுக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள். எங்களுக்கு முப்பத்தைந்து அட்டைகளே ஒரு வருடத்துக்குக் காணும்.

ஷார்லட் மேசன்: படி, பிறகு பிள்ளை சொல்வதைக் கேள்

ஆங்கிலேயரான மேசன் 1842இல் பிறந்தவர், வீட்டில் பிள்ளை வளர்க்கும் தாய்மாரை நினைத்தே எழுதியவர். அவர் கேட்பது மூன்று விஷயம். நல்ல எழுத்தாளர் எழுதிய நிஜமான புத்தகம். எட்டு வயதுக்குள் இருபது நிமிடத்துக்கு மேல் அதிகம் போகாத பாடம். ஒரே ஒருமுறை வாசித்ததும் குழந்தை தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. கேள்வி பதில் கிடையாது.

ஆறு வயதுக்கு மேல் இதைப்போல ஒன்றை நான் பார்க்கவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி கதையைச் சொல்லிவிட்டு, நீ சொல்லு என்றேன். பெரியவள் தேரைப் பற்றி ஒரு வரிதான் சொன்னாள். "அப்புறம் அந்த ராஜா வீட்டுக்கு நடந்தேதானம்மா போயிருப்பார்? கால் வலிச்சிருக்கும்." பாரியின் கொடையை எனக்கு இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. கேள்வித்தாள் கொடுத்திருந்தால் இந்த வரி வெளியே வந்திருக்காது.

இதில் பெரியவருக்குத் தொண்டை வேண்டும், பொறுமை வேண்டும், முக்கியமாகத் தமிழில் புத்தகம் வேண்டும். ஆங்கிலத்தில் கிடைக்கிற அளவு நமக்கு இல்லை. நேஷனல் புக் டிரஸ்டின் மலிவு விலைப் புத்தகங்கள், சென்னை தூலிகாவின் படக்கதைகள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகள் ஆகியவற்றை வைத்து ஓட்டுகிறோம். மற்றதற்கு அப்பத்தாவின் ஞாபகம் இருக்கிறது.

அன்ஸ்கூலிங்

அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், வகுப்பறையில் குழந்தைகள் பயத்தால் கற்காமல் போவதைப் பார்த்துப் பார்த்து, 1970களில் பள்ளியையே விட்டுவிடலாம் என்று சொல்லத் தொடங்கினார். பாடத்திட்டம் கிடையாது, வாழ்க்கையே பாடம். எங்கள் வயிற்றுவலிக்காரி தேறியது இந்த வழியில் விட்ட ஆறு மாதத்தில்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பெரியவர் நாள் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் தேடி, கடைக்கும் வங்கிக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எங்களுக்கு அது முடியவில்லை. நாங்கள் கூட இல்லாத நேரத்தை செல்போன் எடுத்துக்கொண்டது.

சட்டம் பற்றி

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 10ஆம் பிரிவு, தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. பின்னால் மனம் மாறினால், 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். தொடர்ந்து வீட்டிலேயே என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும், 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்வும் உண்டு. நாலு முறைகளில் எதைப் பிடித்தாலும் இது ஒன்றுதான்.

யாருக்கு எது

கைவேலை தெரிந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் வால்டார்ஃபில் தொடங்குங்கள், பாதி வேலை முடிந்தது. அம்மா அப்பா இருவர் மட்டும், வேலையும் உண்டு என்றால் மாண்டிசோரி. ஒருமுறை இடத்தைத் தயார் செய்துவிட்டால் பிள்ளை தனியாக ஓட்டும். மடியில் கைக்குழந்தை இருக்கிற தாய்க்கு மேசன்தான், பால் கொடுத்துக்கொண்டே கதை வாசிக்கலாம். பள்ளியில் அடிபட்டு, பயந்து வந்த பிள்ளை என்றால் முதலில் சில மாதம் ஹோல்ட் சொன்னபடி சும்மா விடுங்கள். நாங்கள் இப்போது பெரியவளுக்கு மேசன், சின்னவனுக்கு மாண்டிசோரி, வீட்டுக்கு மொத்தமாக அத்தையின் தாளம்.

போன வாரம் காலையில் அத்தை புள்ளி வைத்துக்கொண்டிருக்க, தம்பி கோலமாவை அள்ளிக்கொண்டு படியோரம் குந்தினான். முதலில் ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம் விட்டான். அதற்கு அப்பால் 'த' எழுதினான், துணைக்கால் போட்டான். பிறகு திரும்பி வந்து, விட்டுவைத்த இடத்தில் இரட்டைக் கொம்பை இழுத்தான். 'ச'வுக்கும் அதே மாதிரி இடம் விட்டு எழுதினான். அத்தை புள்ளியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நீளவில்லை.