உப்புக் காற்றில் ஒரு பிர்ச் டிரம் கிட்: என் செட்டப், என் அனுபவம்

தூத்துக்குடியில் டிரம்ஸ் வாசிக்கிற எனக்கு மூன்று விதமான மேடைகள். ஞாயிறு காலை ஆராதனை, பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கோயில் கொடைக் கச்சேரிகள், நடுவில் கல்யாண வரவேற்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே கிட்தான்: பிர்ச் மரத்தில் செய்த யமஹா ஸ்டேஜ் கஸ்டம் பிர்ச். புதிதாக வாங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. வாங்கிய வாரத்தில் எதைப் பற்றியும் நன்றாகத்தான் எழுதத் தோன்றும். இத்தனை வருடம் வேனில் ஏற்றி இறக்கி, மண் தரையிலும் பலகை மேடையிலும் வாசித்த பிறகு எது தாங்குகிறது, எதற்குக் கொடுத்த பணம் காதில் கேட்கிறது என்று சொல்ல முடிகிறது. புதிதாக கிட் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். காலால் அடிக்கும் பேஸ் டிரம் (கிக் என்பதும் இதுதான்) 20 அங்குலம், அதன் மேலே நிற்கும் டாம் 10, 12, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 14, அடியில் கம்பிச் சுருள் அதிரும் ஸ்நேர் 14 அகலத்துக்கு ஐந்தரை உயரம். 22 அங்குல பேஸ் டிரம் எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். கொடை மேடையில் எப்படியும் கிக்குக்கு மைக் வைத்துத்தான் வாசிக்கிறோம். முன் ஹெட்டில், அதாவது டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டும் படலத்தில், ஓரமாக ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் மைக்கை நுழைத்துவிட்டால் 20 அங்குலத்தில் வரும் சத்தமே நெஞ்சில் இடிக்கிறது. மைக் இல்லாத சர்ச்சில் 22 அங்குலம் பாடகர் குழுவை மூழ்கடித்துவிடும். அதோடு, இரவு இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்து கிட்டைப் பிரித்து வேனில் ஏற்றும்போது அந்த இரண்டு அங்குலம் பெரிய வித்தியாசம்.

பிர்ச் மரத்தின் குணம் பற்றி டிரம்மர்கள் சொல்வது என் காதுக்கும் சரியாகவே படுகிறது. அடித்தவுடன் முன்னால் வந்து விழும் சத்தம், கீழ் ஸ்தாயி உறுதியாக இருக்கும், இழுவை குறைவு. மேப்பிளில் இருக்கும் அந்தக் கதகதப்பான நீண்ட முழக்கம் இதில் வராது. அமெரிக்க டிரம்மர் ஸ்டீவ் கேட் வருடக்கணக்காக வாசிக்கும் யமஹா ரெக்கார்டிங் கஸ்டமும் பிர்ச்தான். அந்தச் சுருக்கமான, தெளிவான டாம் சத்தத்தைக் கேட்டே எனக்கு இந்த மரத்தின் மேல் ஆசை வந்தது. தவில், தோலக், தபலா, எலக்ட்ரானிக் பேட், கீபோர்டு என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மேடையில் டாம் சத்தம் சீக்கிரம் அடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிதம் முழுக்கக் குழம்பிப்போகும். இந்த ஊர் வேலைக்கு பிர்ச் பொருத்தம்.

ஆனால் கிட்டின் சத்தத்தில் பெரும் பங்கு ஹெட்டுக்குத்தான். நடுத்தர விலை கிட் எதை வாங்கினாலும் அதோடு வரும் ஹெட்டுகளைக் கொஞ்ச நாளில் மாற்றிவிடுங்கள். நான் டாம்களுக்கு மேலே எவன்ஸ் ஜி2 கிளியர் போடுகிறேன். 7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள இரண்டு படலம் சேர்ந்தது. குத்துப் பாட்டுக்கு அடிக்கும் அடியைத் தாங்கும், தேவையில்லாத ரீங்காரத்தையும் அடக்கும். கீழே ஒற்றைப் படல ஜி1. ஸ்நேருக்கு ரெமோ அம்பாசடர் கோட்டட், 10 மில். அந்த வெள்ளைப் பூச்சு நடுவில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கிக்குக்கு ரெமோ பவர்ஸ்ட்ரோக் 3. ஓரத்தில் கூடுதல் வளையம் இருப்பதால் உள்ளே தலையணை எதுவும் திணிக்க வேண்டியதில்லை. எல்லோரும் மறந்துவிடுவது ஸ்நேரின் அடி ஹெட். வெறும் 3 மில்தான். ஸ்நேர் சத்தம் செத்துக் கிடக்கிறது என்று மேல் ஹெட்டையே மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஒருமுறை கீழே இருப்பதை மாற்றிப் பாருங்கள்.

டியூன் செய்வதில் அவசரம் கூடாது. ஹெட்டை இறுக்கும் திருகுகளான டென்ஷன் ராடுகளை முதலில் விரலால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, அப்புறம் டிரம் கீயால் எதிரெதிரே கால் திருப்பு, அரைத் திருப்பு என்று போக வேண்டும். ராடு பூட்டும் ஒவ்வொரு லக்குக்கு அருகிலும் மெதுவாகத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வருகிறதா என்று கேட்க வேண்டும். கீழ் ஹெட்டை மேல் ஹெட்டைவிடக் கொஞ்சம் ஏற்றி வைப்பது என் வழக்கம். டாம் சத்தம் உருண்டு நிறைவாக வரும்.

பறையைக் காய்ச்சி வாசிக்கும் அண்ணன்கள் கொடைகளில் எங்கள் மேடைக்குப் பக்கத்திலேயே வைக்கோலைக் கொளுத்துவார்கள். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், சூடு காட்டினால்தான் கணீரென்று பேசும். டிரம் கிட்டிலும் ஒரு காலத்தில் கன்றுத் தோல்தான் இருந்தது. 1950களில் பாலியஸ்டர் படலத்தில் ஹெட் செய்யத் தொடங்கினார்கள். ரெமோ நிறுவனம் 1957ல் தொடங்கியதும் அந்த வழியில்தான். கடலோரத்தில் வாசிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பனி இறங்கும் மார்கழி இரவுகளில் உணர்கிறேன். ஆனாலும் வெயிலில் நின்ற வேனிலிருந்து இறக்கி நேரே ஏசி மண்டபத்துக்குள் கொண்டுபோனால் சுருதி நகரத்தான் செய்கிறது. கிட்டை அடுக்கி அரைமணி நேரம் அப்படியே விட்டு, பிறகு டியூனைத் தொடுகிறேன்.

அடுத்தது சிம்பல். கிட்டோடு சேர்த்து விற்கப்படும் மலிவான பித்தளை சிம்பல்களுடன்தான் ஆரம்பித்தேன். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். அடித்தால் ஒரு கனத்த சத்தம் வந்து அங்கேயே நின்றுவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து பி20 வெண்கலத்துக்கு மாறினேன். 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். சில்ஜியன் ஏ வரிசையில் காலால் மூடித் திறக்கும் ஜோடியான 14 அங்குல ஹை-ஹேட், அழுத்தமான இடங்களில் அடிக்கும் 16, 18 கிராஷ், தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பழையதாக வாங்கிய 20 அங்குல ரைடு. முழு கிட்டிலும் என் காசு நன்றாகக் கேட்பது இங்கேதான். கேட்பவர்கள் கிட்டையே மாற்றிவிட்டேன் என்று நினைத்தார்கள். இடையில் பி8 வெண்கலம் ஒரு நல்ல படி. வெள்ளீயம் 8 பங்குதான், சத்தம் பளிச்சென்று இருக்கும். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் நல்ல ஹை-ஹேட் மட்டும் வாங்குங்கள். பாட்டு முழுக்க ஒலித்துக்கொண்டே இருப்பது அதுதான்.

சிம்பல் உடையாமல் இருக்க ஸ்டாண்டில் நைலான் உறை கட்டாயம். அது இல்லாமல் இரும்புக் கம்பி நேராக உரசினால் நடு ஓட்டை நீள்வட்டமாகி அங்கிருந்து விரிசல் ஓடும். விங் நட்டை இறுக்கிப் பூட்டக் கூடாது, சிம்பல் ஆட வேண்டும். கிராஷைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் வீசியடித்தால் வருடக்கணக்கில் உழைக்கும். பாலிஷ் போட்டுத் தேய்ப்பதை நான் விட்டுவிட்டேன். லோகோவும் போகிறது, சத்தத்தில் ஒன்றும் கூடவில்லை.

உட்காரும் முறைக்கு வருகிறேன், இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மணி நேரக் கச்சேரி வாசிக்கும் டிரம்மர்களை எத்தனையோ மேடைகளில் பார்க்கிறேன். முதுகு வலிக்கிறது என்று பிறகு வருத்தப்படுவார்கள். உயரம் மாற்றக்கூடிய, அகலமான நல்ல ஸ்டூல் ஒன்று வாங்குங்கள். தொடை முட்டியை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும் உயரத்தில் வைத்துக்கொண்டு, ஸ்நேரைத் தொடைக்குச் சற்று மேலே நிறுத்தி, டாம்களை முடிந்தவரை தட்டையாக வைத்தேன். முன்பு டாம்கள் என்னைப் பார்த்துச் செங்குத்தாகச் சாய்ந்திருந்தன. ஸ்டிக் நுனி ஹெட்டைக் குத்திக் குழி விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஹெட் இரண்டு மடங்கு காலம் வருகிறது.

சர்ச்சில் 10 அங்குல டாமை எடுப்பதே இல்லை. கீர்த்தனைகளுக்கும் பாமாலைக்கும் ஒரு டாம், ஒரு ஃப்ளோர் டாம் போதும். ஓடு பதித்த தரையும் உயரமான கூரையும் சத்தத்தை எதிரொலித்துத் திருப்பி அனுப்பும். அதனால் மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராட்ஸ் வைத்து வாசிக்கிறேன். கச்சேரியில் நிலைமை வேறு. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் வரிகளுக்கு நடுவே மேலிருந்து கீழே உருண்டு வரும் ஃபில்லுக்கு (இடைவெளியை நிரப்பும் வாசிப்பு) மூன்று டாமும் வேண்டும். பேட் வாசிப்பவர் தனியாக வராத நாட்களில் ஹை-ஹேட்டுக்கு மேலே ரோலண்ட் எஸ்பிடி-30 என்ற எலக்ட்ரானிக் பேட் ஏறிவிடும். கைதட்டல், எலக்ட்ரானிக் டாம், உறுமி எல்லாம் அதிலிருந்து. இடது கையை உயர்த்த வேண்டிய அவசியமில்லாத உயரத்தில் அதை வைப்பது முக்கியம். இல்லையென்றால் இரண்டாம் பாதியில் தோள் சொல்லும்.

இந்த ஊரில் கிட்டின் நிஜமான எதிரி உப்புக் காற்று. டிரம்மின் மரக்கூடான ஷெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாக்கர் பூச்சு அப்படியே இருக்கிறது, விளிம்புகள் வளையவில்லை, டாம் மவுண்டுகள் இன்றும் வைத்த இடத்தில் நிற்கின்றன. குரோம் பூசிய பாகங்களில்தான் புள்ளி புள்ளியாகத் துரு. கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பைக்குள் போடுகிறேன். ஹெட் மாற்றும்போதெல்லாம் டென்ஷன் ராடுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஈரமான பையில் மூடி வைத்த ஒரு ஸ்டாண்டின் ஸ்க்ரூ இறுகிப்போய்க் கடைசியில் அறுக்க வேண்டி வந்தது. இப்போது மழையில் நனைந்த பைகளை மறுநாளே வெயிலில் விரித்துவிடுகிறேன்.

கிக் முன்னால் நகரும் தொல்லைக்குக் கனமான தேங்காய் நார் விரிப்பைப் போலச் சிறந்தது வேறில்லை. பேஸ் டிரம்மின் கூர்முனைக் கால்கள் அதில் நன்றாகப் பிடிக்கும், ஸ்டூலும் பெடலும் அதன் மேலேயே நிற்பதால் மொத்தமும் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிடும். அதன் மேல் ஒவ்வொரு ஸ்டாண்டின் காலுக்கும் டேப் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன். எந்த மேடையானாலும் அடுக்குவது பத்து நிமிட வேலை.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பித்தால் எந்த வரிசையில் வாங்குவேன் என்று கேட்டால்: ஸ்டூல், பெடல், ஹை-ஹேட், ஸ்நேர். ஷெல்களைப் பழையதாக வாங்கினாலும் சரி, ஹெட்டைக் கழற்றச் சொல்லி, ஷெல்லைத் தட்டையான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காதடைப்பானும் அந்த வரிசையில் முதல் நாளிலிருந்தே வேண்டும். 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் கேட்டால் காதுக்குக் கேடு, ஸ்நேர் அதை எளிதாகத் தாண்டும். பஞ்சு வைப்பது போதாது. இசைக்காரர்களுக்கென்றே வரும் அடைப்பானில் மொத்தச் சத்தமும் சீராகக் குறையும், பாடகரின் குரலும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்து நான் வாங்கப் போவது ஒரு ஸ்டீல் ஸ்நேர். திறந்தவெளிக் கொடைகளில் மர ஸ்நேரைவிட அது இன்னும் கூர்மையாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை நண்பர் ஒருவருடையதை வாசித்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிர்ச் ஸ்நேர் சர்ச்சுக்கே இருக்கட்டும்.