பழைய காரின் ரேடியேட்டர்: கோர் மாற்றுவதா, அலுமினியத்துக்குப் போவதா?

கிளாசிக் காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்ததுமே பலரும் "பேசாமல் அலுமினியம் போட்டுவிடலாம்" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 60களின் மோரிஸ் மைனர், 70களின் டட்சன் 1200 மாதிரியான கார் என்றால், பித்தளைத் தொட்டி நன்றாக இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டு, குழாய்களும் இதழ்களும் சேர்ந்த நடுப்பகுதியான கோரை மட்டும் புதிதாகப் போடுவதுதான் சரி.

அந்தக் கால ரேடியேட்டரில் குழாயும் தொட்டியும் பித்தளை, இதழ்கள் செம்பு, இணைப்பெல்லாம் ஈயப்பற்று. சூடுகாட்டினால் தொட்டி தனியே வந்துவிடும். குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பெடுத்து மறுபடி பற்றவைக்கலாம். பழுது பார்ப்பதற்கென்றே செய்த பொருள் அது.

தொட்டியின் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருந்தால் கசிவு இணைப்பில்தான்; ஈயம் வைத்தாலே போதும். இதழ்களை விரலால் தடவும்போது பொடியாக உதிர்ந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அகச்சிவப்பு வெப்பமானியைக் கோர் முழுக்கக் காட்டிப் பாருங்கள். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

அலுமினியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் மேல், ஆனால் அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடியும். அதனால் நல்ல அலுமினிய ரேடியேட்டர் செம்புக்கு ஈடுகொடுக்கும், எடையும் குறைவு. பெரிய எஞ்சின் ஏற்றிய காருக்கு அதையே போடுங்கள். இணையத்தில் வரவழைத்தால் கோர் மாற்றும் கூலியைவிட மலிவாகக்கூடக் கிடைக்கலாம். ஈயப்பற்று தெரிந்த கைகள் இங்கே சிங்கப்பூரில் குறைந்துவிட்டன. ஆனால் மலிவான சரக்கில் போல்ட் துளை ஒரு பக்கம், தாங்கி ஒரு பக்கம் என்று இருக்கும், மின்விசிறி உரசும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நம் சிங்கப்பூர் கிளாசிக் கார் திட்டத்தில் 35 வயது தாண்டிய காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே தேங்கிக் கிடக்கும். அதன் துருத்தடுப்புச் சத்து தீர்ந்துபோனால் அலுமினியம் உள்ளிருந்தே புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். எர்த் வயர் சரியில்லாமல் மின்சாரம் கூலன்ட் வழியே கசிந்தால் இன்னும் வேகமாகப் போகும். ஓட்டை விழுந்தால் ஈயம் பிடிக்காது, டிக் (TIG) வெல்டிங்தான்.

மெர்சிடிஸ் டபிள்யூ124 வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. அதன் ரேடியேட்டர் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி. ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து வயதானால் ஒடியும். ஒட்டாதீர்கள், புதுசு வாங்குங்கள். ஆட்டோ கியர் என்றால் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதியும் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எதைப் போட்டாலும், பனி உறையாத ஊர்தானே என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய காருக்கென்றே விற்கும் கூலன்ட், காய்ச்சி வடித்த நீரோடு. மூடியும் அந்தக் காருக்குச் சொன்ன அழுத்தத்திலேயே இருக்கட்டும். சூடாகிறது என்று அதிக அழுத்த மூடி மாட்டினால், கொதிநிலை கொஞ்சம் ஏறும், பழைய ஈயப்பற்று விட்டுப்போகும்.