ஆசிட் திங்கள், வியாழன்; மற்ற நாள் வல்லாரை

வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் பைக். ஹெல்மெட் பட்டை உரசும் தாடை ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பருக்கள், மூக்கில் பிளாக்ஹெட்ஸ். 36 வயதில் இதற்கெல்லாம் யார் மெனக்கெடுவது என்று விட்டிருந்தேன். தங்கைதான் கொரியன் ஸ்கின்கேர் பக்கம் இழுத்துவிட்டாள்.

முதல் முயற்சி சொதப்பல். பெயர் வேண்டாம், இறந்த தோலை உரிக்கும் ஒரு கிளைகாலிக் ஆசிட் டோனர், அதற்கு மேல் ஒரு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை). இரண்டையும் ஒரே இரவில், வாரம் ஏழு நாளும் பூசினேன். பத்தாம் நாள் வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. எங்கள் அபார்ட்மென்டில் வருவது உப்புப் போர் தண்ணீர் வேறு. சரி, எரிந்தால் என்ன, மேலே நத்தையின் சுரப்பில் செய்த எசன்ஸ் பூசிச் சமாளிக்கலாம் என்று தொடர்ந்தேன். இதமான எதை மேலே பூசினாலும் அடியில் ஆசிட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும் என்பது உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. (நத்தை என்று தெரிந்த அன்றே அம்மா அந்த பாட்டிலைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டார்.)

ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டே பாட்டிலோடு மறுபடி ஆரம்பித்தேன். ஒன்று, காஸ்ஆர்எக்ஸ் பிஎச்ஏ பிளாக்ஹெட் பவர் லிக்விட். இதில் இருப்பது 4% பீட்டெய்ன் சாலிசிலேட். தோல் துளை அடைப்பை நீக்கும் சாலிசிலிக் ஆசிடுக்குச் சற்று சாதுவான உறவு. இன்னொன்று, ஸ்கின்1004 மடகாஸ்கர் சென்டெல்லா ஆம்பூல் (சீரம் மாதிரி ஒன்று). சென்டெல்லா வேறொன்றுமில்லை, நம் வல்லாரைதான். "துவையல் அரைச்சா தட்டை நகர்த்துற, மூஞ்சில மட்டும் பூசிப்பியா?" என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

திங்கள், வியாழன் இரவு மட்டும் ஆசிட். முகத்தின் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, தாடைக்கும் மூக்குக்கும் மட்டும். பத்து நிமிஷம் கழித்து ஆம்பூல், அப்புறம் ஈரம் காக்க மெல்லிய செராமைட் ஜெல். மற்ற ஐந்து இரவும் ஆம்பூலும் ஜெல்லும்தான். ஆம்பூல் தண்ணீர் மாதிரி இருப்பதால் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. கெட்டி கிரீமெல்லாம் சியோல் குளிருக்குச் சரி. கத்திரி வெயிலில் இங்கே அது தலையணைக்குத்தான் போய்ச் சேரும். ஷேவ் செய்த அன்று ஆசிட் பக்கமே போவதில்லை. காலையில் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் கட்டாயம், ஹெல்மெட் கண்ணாடியை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஆறாவது வாரம் ஒருநாள் ஷேவ் செய்யும்போது, தாடை ஓரத்தில் பிளேடு எங்கும் இடறவில்லை என்பதைக் கவனித்தேன். பழைய பருக்கள் விட்டுப்போன கருந்தழும்பு அப்படியேதான் இருக்கிறது; அதை வல்லாரையிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

நாலு மாதம் ஆகிறது. ஆம்பூலில் இரண்டாவது பாட்டில் வாங்கியாயிற்று. ஆசிட் பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.